பிராங்கோஸ் பெண்கள் நடுவில் ஏன் தோற்றார்கள்?

கேள்வி இது: "பிரிஸ்பேன் பிராங்கோஸ் பெண்கள் ரக்பி லீக் அணி, போட்டி தொடங்கிய முதல் மூன்று வருடமும் கோப்பையைத் தூக்கியது. அப்புறம் 2025 வரை ஒன்றுமே இல்லை. அணி கெட்டுப்போனதா, பயிற்சி சரியில்லையா? இன்னொன்று, இந்தப் பெண்களுக்கு இதுதான் முழுநேர வேலையா, பக்கத்தில் வேறு வேலையும் பார்க்கிறார்களா?"

இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது. யாருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை கிளப்புகள் அதைக் கொடுக்கத் தயார் என்பது மாறியது. அது மாறியதும் கோப்பையும் கைமாறியது. கொஞ்சம் பின்னால் போய்த் தொடங்குகிறேன்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வரி. ரக்பி என்றால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 15 பேர் ஆடும் யூனியன். இது லீக், 13 பேர். கபடி பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். பந்தோடு ஓடுகிறவர் நம்ம ரெய்டர் மாதிரி எதிரணி வரிசைக்குள் முட்டிக்கொண்டு போவார், இரண்டு மூன்று பேர் சேர்ந்து மடக்கிக் கீழே சாய்ப்பார்கள். கபடியில் அதோடு அவர் அவுட். இங்கே எழுந்து நின்று, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளுவார், அடுத்தவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். இப்படி ஆறு தடவை பிடிபடலாம். அதற்குள் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்திவிட்டால் அது ட்ரை, 4 புள்ளி. அதன் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. ஆறும் முடிந்துவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கையால் முன்னோக்கி எறியவே கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். ஆண்கள் 80 நிமிடம் ஆடுகிறார்கள். பெண்கள் போட்டி 60 நிமிடத்தில் தொடங்கி இப்போது 70 நிமிடம்.

இனி பிராங்கோஸ். ஆண்கள் கிளப் 1988ல் போட்டிக்குள் வந்தது. பெண்களுக்கான தேசிய லீக் 2018 செப்டம்பரில்தான் தொடங்கியது. அப்போது நான்கே அணிகள்: பிரிஸ்பேன் பிராங்கோஸ், சிட்னி ரூஸ்டர்ஸ், செயின்ட் ஜார்ஜ் இலவாரா டிராகன்ஸ், நியூசிலாந்து வாரியர்ஸ். ஒவ்வொருவரும் மற்ற மூவரோடு ஒரு முறை ஆட வேண்டும், முதல் இரண்டு இடம் இறுதி ஆட்டத்துக்கு. மொத்த சீசனே ஒரு மாதம்.

2018 இறுதியில் ரூஸ்டர்ஸை 34-12, 2019ல் டிராகன்ஸை 30-6, 2020ல் மறுபடி ரூஸ்டர்ஸை 20-10. மூன்று கோப்பை. "மூன்று தொடர் வெற்றி" என்று கேட்கும்போது பெரிய சாம்ராஜ்யம் மாதிரி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு நான்கு ஆட்டம், மூன்று வருடத்துக்கும் சேர்த்து 12 ஆட்டம். 2025ல் வென்ற ஒரே கோப்பைக்கு அதைவிட அதிகமான ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. அந்த மூன்றைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

சரி, அந்த 12 ஆட்டத்தில் ஏன் இவ்வளவு ஆதிக்கம்? பெரும்பாலும் ஊர் காரணம்தான். ஆஸ்திரேலியாவில் இந்த ஆட்டம் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் என்ற இரண்டு மாநிலங்களின் உயிர். பெண்களுக்கான மாநிலங்களுக்கிடையேயான போட்டி 1999ல் தொடங்கியது. அதில் நியூ சவுத் வேல்ஸ் முதன்முறையாக வென்றது 2016ல்தான். அதுவரை எல்லா வருடமும் கேடயம் குயின்ஸ்லாந்திலேயே இருந்தது. அப்படிப்பட்ட மாநிலத்துக்கு 2018ல் கொடுக்கப்பட்ட ஒரே கிளப் பிராங்கோஸ். நியூ சவுத் வேல்ஸ் ஆட்டக்காரர்கள் ரூஸ்டர்ஸ், டிராகன்ஸ் என்று இரண்டாகப் பிரிந்தார்கள். குயின்ஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் ஒரே உடைமாற்றும் அறையில். கிட்டத்தட்ட ஒரு மாநில அணியையே கிளப் சட்டை போட்டு இறக்கிய மாதிரி. முதல் பயிற்சியாளர் பால் டயரும், 2019லிருந்து கெல்வின் ரைட்டும் திறமையானவர்கள்தான். ஆனாலும் அந்தப் பட்டியலை யார் கையில் கொடுத்திருந்தாலும் இறுதி ஆட்டம் வரை வந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

இறுதி ஆட்டத்தின் சிறந்த வீராங்கனைக்குக் கொடுக்கும் பதக்கத்தின் பெயரும் குயின்ஸ்லாந்துக்காரருடையதுதான், கேரின் மர்ஃபி. மாநிலத்துக்கும் நாட்டுக்கும் தலைமை தாங்கியவர். முதல் மூன்று பதக்கங்களும் பிராங்கோஸ் பெண்களுக்கே போயின: 2018ல் கிமியோரா நாட்டி, 2019ல் அனெட் பிராண்டர், 2020ல் ஆம்பர் ஹால்.

இப்போது பணத்துக்கு வருவோம். அந்த மூன்று வருடங்களில் இவர்களுக்குக் கிடைத்தது சில ஆயிரம் டாலர்கள். பகலில் வேலை, சாயங்காலம் பயிற்சி, ஆட்டத்துக்கு வெளியூர் போக வேலையில் விடுப்பு. "தொழில்முறை லீக்" என்று பலகை இருந்தது, வாடகை கட்டியது வேறு வேலை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ரக்பி லீக் என்ற ஆட்டமே பிறந்தது சரியாக இந்தப் பிரச்சினையில்தான். 1895ல் வடக்கு இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு ஊரில் ஒரு ஹோட்டலில் கூடிய கிளப்புகள், ரக்பி சங்கத்தை விட்டுப் பிரிந்து போகத் தீர்மானித்தன. காரணம், சனிக்கிழமை ஆட்டத்துக்காகச் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு அவன் இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சண்டை. லண்டன் கனவான்கள் கூடாது என்றார்கள். வடக்கத்திக்காரர்கள், கூலி போனால் அவன் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று கேட்டுவிட்டுத் தனியாகப் போனார்கள். இழந்த கூலிக்காகவே உண்டான ஆட்டம், பெண்கள் அதே கூலியைக் கேட்டபோது நூறு வருடத்துக்கு மேல் யோசித்தது.

பார்க்க ஆள் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. 1921 செப்டம்பரில் சிட்னியில் பெண்கள் ஆடிய ஒரு ஆட்டத்துக்கு 20,000 பேருக்கு மேல் வந்தார்கள். மேகி மலோனி என்ற சின்னப் பெண் அதில் நான்கு ட்ரை போட்டார். கூட்டம் வந்ததே சங்கத்துக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஆதரவு நின்றது.

உண்மையான திருப்பம் 2023ல் வந்தது. ஆட்டக்காரர்களின் சங்கத்துக்கும் லீக் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. நடுவில் ஆட்டக்காரர்கள் சட்டையில் இருந்த லீக் சின்னத்தை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு களம் இறங்கினார்கள். கடைசியில் ஆகஸ்டில் முடிந்த ஒப்பந்தத்தில்தான் பெண்கள் முதன்முறையாக ஒரு கூட்டு ஊதிய உடன்பாட்டுக்குள் வந்தார்கள். 2023க்கு ஒரு பெண்கள் கிளப் செலவழிக்கக்கூடிய சம்பள உச்சவரம்பு 9 லட்சம் ஆஸ்திரேலிய டாலர், 24 பேருக்கு. சராசரி 37,500. மிகக் குறைந்த ஒப்பந்தம் 30,000. இது படிப்படியாக ஏறி 2027ல் குறைந்தபட்சமே 50,000ஐத் தாண்டும். கர்ப்பம், குழந்தை பெற்ற பிறகு திரும்பி வருவது ஆகியவற்றுக்கும் தனி விதிகள் எழுதப்பட்டன.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? அதே 2023ல் ஆஸ்திரேலியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 23.23 டாலர். வாரம் 38 மணி நேரம் கடையில் நின்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 46,000 வரும். ஆக, நாட்டின் தலைசிறந்த லீக்கில் ஆடுகிற ஒரு பெண், கடைக்காரப் பெண்ணைவிடக் குறைவாக ஒப்பந்தம் போட்டிருக்கலாம். நியாயத்துக்குச் சொல்ல வேண்டும், அது வருடம் முழுவதற்குமான வேலை இல்லை, சில மாதங்களுக்கானது. மீதி மாதங்களில் என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்குத் தலைவலி. அதே வருடம் ஆண்கள் கிளப் ஒன்றின் உச்சவரம்பு 1 கோடியே 21 லட்சம் டாலர், 30 பேருக்கு.

அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: மேல்மட்டத்தில் இருக்கும் சிலருக்கு, நாட்டு அணி, மாநில அணிப் பணம், விளம்பரம் எல்லாம் சேர்த்து இது முழுநேரப் பிழைப்பாகிவிட்டது. அணியின் நடுப் பகுதிக்கும் கடைசி நாலைந்து பேருக்கும் இன்னும் ஆகவில்லை. வேலையோ படிப்போ கூடவே ஓடுகிறது. முட்டியில் தசைநார் அறுந்தால் ஒரு சீசன் போய்விடும். ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு அது வேலையே போன மாதிரி.

இனி முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், இப்போது பதில் எளிது. பணம் வந்தது, கிளப்புகள் பெருகின. நான்காக இருந்த அணிகள் 2021 சீசனில் ஆறு, 2023ல் பத்து, 2025ல் பன்னிரண்டு. கோவிடால் தள்ளிப்போன 2021 சீசன் நடந்தது 2022 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. அதில் பிராங்கோஸின் வீட்டு வாசலிலேயே கோல்டு கோஸ்ட் டைட்டன்ஸ் வந்து உட்கார்ந்தது. முதல் பதக்கம் வாங்கிய கிமியோரா நாட்டியும், லீக்கின் முதல் சீசனிலேயே சிறந்த வீராங்கனை விருது வாங்கிய ஹூக்கர் (பிடிபட்டவர் காலால் தள்ளும் பந்தை எடுத்துக் கொடுப்பவர்) பிரிட்டனி பிரேலியும் அங்கே போனார்கள். 2023ல் வடக்கு குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸும் வந்துவிட்டது. ஒரு கிளப்பில் குவிந்திருந்த மாநிலம் மூன்றாகப் பிரிந்தது.

ஆனால் பெரிய அடி உள்ளூரிலிருந்து வரவில்லை. நியூ சவுத் வேல்ஸின் நியூகாசில் நைட்ஸ் தன் முதல் சீசனில் ஐந்து ஆட்டமும் தோற்றது. உடனே பிராங்கோஸிலிருந்து இரண்டு பேரைத் தூக்கியது: முன்வரிசை மில்லி பாயில், ஃபுல்பேக் (கடைசிக் காவல்) டமிகா அப்டன். பாயில் அப்போதுதான் லீக்கின் சிறந்த வீராங்கனை விருதை எம்மா டொனகாட்டோவோடு பகிர்ந்துகொண்டிருந்தார். சில மாதங்கள் கழித்து, அதே 2022ன் கடைசியில், ஒரு ஆட்டமும் வெல்லாத நைட்ஸ் கோப்பையை வென்றது. 2023லும் வென்றது. அந்த வருடம் அப்டன்தான் லீக்கின் சிறந்த வீராங்கனை. அப்புறம் டாரின் ஐக்கனும் பிராங்கோஸை விட்டு ரூஸ்டர்ஸுக்குப் போனார். எல்லோரையும் வைத்துக்கொள்ள கிளப்புக்கு ஆசை இருந்திருக்கும். உச்சவரம்பு விடாது. மூன்று கோப்பை வென்ற அணியில் எல்லோருக்கும் சந்தை விலை ஏறியிருக்கும், பை மட்டும் எல்லாக் கிளப்புக்கும் ஒரே அளவு.

இதன் பலன்: 2021 சீசனில் அரையிறுதியில் ரூஸ்டர்ஸிடம் தோல்வி. 2022ல் முதல்முறையாக நாக்-அவுட்டுக்கே போகவில்லை. 2023லிருந்து ஸ்காட் பிரின்ஸ் பயிற்சியாளர். ஆண்கள் லீக்கில் 2005ல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கோப்பை வென்றபோது இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரர் அவர்தான். 2023லும் 2024லும் அரையிறுதியோடு நின்றது. கெட்டுப்போன அணி இரண்டு வருடம் வரிசையாக அரையிறுதிக்கு வராது. மற்றவர்கள் நன்றாகிவிட்டார்கள். விசிறிகளுக்கு அது கசப்பு, ஆட்டக்காரர்களுக்கு அப்படியில்லை. 2018ல் நான்கு கிளப்பில் இடமில்லாமல் வீட்டில் இருந்த பெண்ணுக்கு இன்று பன்னிரண்டு கதவுகள் இருக்கின்றன.

2025ல் என்ன மாறியது? அப்டன் திரும்பி வந்தார். ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான். அவர் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். ஃபுல்பேக் தற்காப்பில் எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்பவர், கடைசிக் காவல். தாக்குதலில் அவருக்கு நிலையான இடம் கிடையாது. பந்து இருக்கும் பக்கம் பின்னாலேயே வளைந்து ஓடிவந்து, எதிரணி ஆள் எண்ணிக்கையில் ஒன்று குறையும் இடத்தில் கூடுதல் ஆளாக முளைப்பார். அப்டன் பிடிபடுகிறவரின் தோளருகே எப்போதும் இருப்பார். ஒருவர் வரிசையைக் கிழித்து வெளியே வந்து இடது பக்கம் பார்த்தால் அங்கே அப்டன், வலது பக்கம் பார்த்தாலும் அங்கே அவர்தான். வேகத்தைவிட, எங்கே ஓட்டை விழும் என்று இரண்டு நொடி முன்பே தெரிந்திருப்பது அவருடைய பலம். 2025லும் லீக்கின் சிறந்த வீராங்கனை விருது அவருக்கே.

அவர் ஒருவரால் மட்டும் ஆகிவிடாது. இடது ஓரத்தில் மெலே ஹுஃபாங்காவும் விங்கர் (களத்தின் ஓரத்தில் ஓடுபவர்) ஜூலியா ராபின்சனும் சேர்ந்து நிற்கும்போது எதிரணிப் பெண்கள் யாரைப் பிடிப்பது என்று ஒரு கணம் திணறுவது தொலைக்காட்சியிலேயே தெரியும். ராபின்சனின் புஜங்களைப் படம் எடுத்துப் போடுபவர்கள், அவர் கோட்டுக்கு ஓரமாக எவ்வளவு குறுகிய இடத்தில் கால் வைத்து ஓடுகிறார் என்பதையும் பார்க்கலாம். கேல் பிராட்டன் வேறு ஆட்டத்திலிருந்து வந்தவர். நியூசிலாந்தின் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் ரக்பி) அணியில் டோக்கியோ ஒலிம்பிக் தங்கம், பிறகு லீக்குக்கு மாறி 2022ல் பாரமட்டா ஈல்ஸோடு இறுதி வரை போய்த் தோற்றவர். முன்வரிசையில் செல்சி லெனர்டூஸி. ஆரம்பக் காலத்திலிருந்தே இந்த ஒரே கிளப். ப்ராப் என்ற இந்த முன்வரிசை இடம் பார்ப்பவர் கண்ணில் படாத உத்தியோகம்: நேராக முட்டு, விழு, எழு, பின்னால் ஓடு, மறுபடி முட்டு.

அலி பிரிகின்ஷாவைக் கடைசிக்கு வைத்திருந்தேன். இப்ஸ்விச் பக்கத்துப் பெண், அப்பா லேரியும் ரக்பி லீக் ஆடியவர். அவர் வளர்ந்த காலத்தில் 12 வயதுக்கு மேல் பெண் குழந்தைகள் பையன்களோடு ஆடக்கூடாது, தனியாக ஆடப் பெண்கள் அணியும் பெரும்பாலான ஊர்களில் கிடையாது. அந்த வயதில் திறமையான பல பெண்கள் ஆட்டத்தை விட்டுப் போய்விட்டார்கள். இவர் திரும்பி வந்தார். 2013 உலகக் கோப்பை, 2017 உலகக் கோப்பை, மூன்றாவதில் ஆஸ்திரேலியாவின் தலைவர்களில் ஒருவர். 2022 நவம்பரில் மான்செஸ்டரில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்தை 54-4 என்று நசுக்கினார்கள். 2020ல் லீக்கின் சிறந்த வீராங்கனை. பிராங்கோஸ் வென்ற நான்கு கோப்பையிலும் ஆடியிருக்கிறார். மற்றவர்கள் கிளப் மாறிய வருடங்களில் இவர் மாறவில்லை. அதை விசுவாசம் என்று பாராட்டுவது எல்லோருக்கும் வழக்கம். போனவர்கள் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பத்து வருடத்தில் முடிந்துவிடக்கூடிய தொழிலில் யாராவது அதிகம் கொடுத்தால் போகத்தான் வேண்டும்.

2025 அக்டோபர் 5, சிட்னி. எதிரே ரூஸ்டர்ஸ், அந்த சீசனின் 11 சுற்றுகளிலும் ஒன்றைக்கூடத் தோற்காதவர்கள். பிராங்கோஸ் 22-18 என்று வென்றது. நான்கே புள்ளி, ஒரு ட்ரை தூரம். கோப்பையைத் தூக்கும்போது பிரிகின்ஷாவுக்கு 35 வயது. அதே மைதானத்தில் அன்று இரவு பிராங்கோஸ் ஆண்கள் மெல்பர்ன் ஸ்டார்மை 26-22 என்று வீழ்த்தி 2006க்குப் பிறகு முதல் கோப்பையை எடுத்தார்கள். மறுநாள் பேச்சில் ஆண்கள் கோப்பைதான் அதிகம் அடிபட்டது என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பகலில் நடந்ததுதான் கடினமான வெற்றி என்று நான் நினைக்கிறேன், தோற்காத அணியைத் தோற்கடித்தார்களே.

பார்க்க ஆசையிருந்தால், சீசன் ஜூலையில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடியும். பிரிஸ்பேன் நம்மைவிட நாலரை மணி நேரம் முன்னால். அங்கே மதிய ஆட்டம் என்றால் நமக்குச் சனி, ஞாயிறு காலை இட்லி நேரம். முதல் பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் முதுகில் 1 என்று எழுதியிருக்கும் ஃபுல்பேக்கை மட்டும் பாருங்கள், பந்து தானாக அவரிடம் வந்து சேரும்.